பக்கவிளைவும் வாழ்நிலையும்: மார்பகப் புற்றுநோயின் இலக்குச் சிகிச்சை பற்றிய ஒரு நோக்கு

இலக்கிய ஆய்வைத் தொழிலாகக் கொண்ட நாம் மருத்துவப் பொருளொன்றைப் பற்றி எழுதப் புகுவது இவ்விதழின் வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் சொற்களின் சமூகப் பின்னணியை ஆராய்தல் எமது பணியெனின், ‘பக்கவிளைவு’ என்னுஞ் சொல்லும் அப்பணிக்கு உட்பட்டதே. பக்கம் எனவொன்றைச் சுட்டுவதற்கு முன்னர் நடு எது என்பது தீர்மானிக்கப்பட்டிருத்தல் வேண்டும். மருந்தை ஆக்கியோருக்குக் கட்டி ஒடுங்குவது நடு, ஏனையவெல்லாம் பக்கம். சரிவான மலையிற் கொழுந்துக் கூடையுடன் ஏறியிறங்கி நாட்கூலி பெறும் பெண்ணுக்கோ மூச்சும் காலும் விரலுமே பிழைப்பின் நடுவாகும்.

இவ்வினா எமக்கு நூல்களின் வழியாகத் தோன்றியதன்று. தெல்தோட்டைப் பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்த எமது பெரியம்மா சில ஆண்டுகளுக்கு முன்னர் மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்றார். அதன்பின் மூன்று வாரங்களுக்கொருமுறை கண்டிக்கு வந்து ட்ராஸ்டுசுமாப் என்னும் மருந்தை ஏற்றிக்கொண்டு சென்றார். நான்காம் மாதமளவில், லயத்திலிருந்து பாதைக்கு ஏறும் படிகளில் அவர் இருமுறை உட்கார்ந்து எழும்புவதை நாம் கண்டோம். கிளினிக்கில் இதைச் சொன்னாரா என வினவினோம். “மூச்சு வாங்குதுன்னு சொன்னா ஊசிய நிப்பாட்டிப்புடுவாங்க தம்பி. மிஸ்ஸி கேட்டாங்க, ஒண்ணுமில்லன்னுட்டேன்” என்றார். இம்மறைப்பை அறியாமை என ஒதுக்கிவிடுதல் எளிது. எனினும் அதற்குள் ஒரு கணக்கு இருந்தது. அக்கணக்கு எங்கே பிழைத்தது, எங்கே பிழைக்கவில்லை என்பதையே இங்கு விளக்க முனைகின்றோம்.

மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கிற்கு அண்மித்தவற்றில், உயிரணுக்களின் மேற்பரப்பில் ஹெர்-2 என்னும் ஏற்பி அளவுக்கு மிஞ்சிக் காணப்படும். வளர்ச்சிக்கான கட்டளையை உள்ளே கடத்துவது அதன் வேலை. இம்மிகை நோயின் கடுமையோடு தொடர்புடையது என்பதை டெனிஸ் ஸ்லேமனும் அவருடன் பணியாற்றியோரும் 1987இல் எடுத்துக்காட்டினர். அவ்வேற்பியைப் பற்றிப்பிடித்து முடக்கும் பிறபொருளெதிரியே ட்ராஸ்டுசுமாப். அமெரிக்காவில் இது 1998இல் அனுமதி பெற்றது. இலக்குச் சிகிச்சை என்ற பெயர் வில்லையும் அம்பையும் நினைவூட்டுவது. அம்பு குறியைப் பார்த்தே பாய்கின்றது. ஆனால் அதே குறி இதயத்தசையின் உயிரணுக்களிலும் உண்டு. உழைப்பாலோ வேறு மருந்தாலோ தளர்ந்த இதயத்தசை தன்னைச் செப்பனிட்டுக்கொள்வதற்கு அவ்வேற்பியின் வழிவரும் சைகை தேவைப்படுகின்றது. அதனை அடைத்தால் இதயத்தின் இறைக்கும் வலு குன்றலாம்.

2001இல் வெளியான ஆய்வு இவ்வுண்மையை அம்பலப்படுத்திற்று. செந்நிறத்தினால் நோயாளர் நன்கறிந்த டொக்சோரூபிசின் போன்ற அந்த்ராசைக்கிளின் இன மருந்துகளுடன் இதனை ஒருங்கே கொடுத்தபோது 27 வீதமானோரிடத்து இதயக் குறைபாடு தென்பட்டது. அவ்வின மருந்துகள் தனியே கொடுக்கப்பட்டபோது 8 வீதம். அதன் பின்னர் இரண்டையும் ஒன்றாகக் கொடாது ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கும் முறையும், ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கொருமுறை ‘எக்கோ’ சோதனை செய்யும் முறையும் வழக்கிற்கு வந்தன. ஒவ்வொரு துடிப்பிலும் இடது இதயவறை தன்னுள் இருக்கும் குருதியில் எத்தனை வீதத்தை வெளித்தள்ளுகின்றது என்பதை அச்சோதனை அளவிடும். அவ்வளவு பத்துப் புள்ளியோ அதற்கு மேலோ குறைந்து 50 வீதத்துக்குக் கீழிறங்குமாயின் மருந்தைச் சில வாரங்கள் நிறுத்திவைத்து, இதயத்துக்கான மாத்திரைகள் கொடுத்து, மீண்டும் அளந்து பார்ப்பர். சிவப்பு மருந்து இதயவணுக்களையே அழித்துவிடக் கூடியது. ட்ராஸ்டுசுமாப் பெரும்பாலும் அவற்றை அழிப்பதில்லை, அயர்த்துகின்றது. ஆதலால் உரிய வேளையில் நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு வலு மீள்கின்றது. பலர் மருந்தையும் மீளத் தொடங்குகின்றனர்.

பெரியம்மாவின் கணக்கு பிழைத்தது இவ்விடத்தேதான். சொன்னால் ஊசி நிற்கும் என்பது உண்மை. ஆயின் அது பெரும்பாலும் தற்காலிக நிறுத்தமே. சொல்லாது விட்டால் அது நிரந்தர நிறுத்தமாகக் கூடும்.

மலையகப் பெண்களிடம் எந்த எக்கோ இயந்திரமும் தராத ஓர் அளவுகோல் உண்டு. நாள்தோறும் ஏறும் அதே மலை, அதே படி. சென்ற மாதம் நில்லாமல் ஏறிய இடத்தில் இம்மாதம் எத்தனை தடவை நிற்க நேர்ந்தது என்பதைக் கிளினிக்கில் எண்ணிக்கையாகவே கூறலாம். “களைப்பாக இருக்கின்றது” என்ற பொதுக்கூற்றிலும் பார்க்க “மூன்று இடத்தில் நின்றேன்” என்ற கூற்று மருத்துவருக்கு அதிகம் உணர்த்தும். தலையணையை உயர்த்தினாலன்றி உறங்கமுடியாமை, மாலையிற் பாதம் வீங்குதல், சில நாட்களிலேயே இரண்டு கிலோவரை நிறை கூடுதல், நெஞ்சு படபடத்தல் ஆகியனவும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கத்தக்கவையல்ல. தோட்டப் பெண்களிடையே பரவலாகவுள்ள குருதிச்சோகையும் மூச்சிரைப்பைத் தரும் என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். எது எதனால் என்பதைப் பிரித்தறிவது வைத்தியர் வேலை. இரைக்கின்றது என்று கூறுவதே எமது வேலை.

இனி, மருந்துகளின் பெயர்களைச் சற்று நோக்குவாம். தமிழ் மாணவர்க்கு விகுதி புதிதன்று. இம்மருந்துகளின் பொதுப்பெயர்களிலும் குலங்காட்டும் விகுதிகள் உள. ‘மாப்’ என முடிவன பிறபொருளெதிரிகள்: ட்ராஸ்டுசுமாப், பெர்டுசுமாப். ‘டினிப்’ என முடிவன அணுவுக்குள்ளே சென்று சைகையைத் தடுக்கும் மாத்திரைகள்: லப்பாட்டினிப், நெராட்டினிப். ‘சிக்லிப்’ என முடிவன அணுப்பிரிவின் சுழற்சியை மறிப்பன: பல்போசிக்லிப், ரைபோசிக்லிப், அபெமாசிக்லிப். விகுதி தெரிந்தால் எவ்வகைத் தொல்லையை எதிர்பார்க்கலாம் என்பதும் ஓரளவு தெரியும். வணிகப் பெயரோ எதையும் உணர்த்தாது. மருந்துகள் பொதுப்பெயரால் வழங்கப்படல் வேண்டும் என வாதாடிய பேராசிரியர் சேனக பிபிலை பேராதனை மருத்துவபீடத்திலேயே கற்பித்தவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. மார்க்சியரான அவர், எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து தயாரித்த அறிக்கையின் வழியே 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. அவர் 1977இல் கயானாவில் மறைந்தார். பெயரைப் பற்றிய வாதம் விலையைப் பற்றிய வாதமுமாகும். ட்ராஸ்டுசுமாப் மருந்தையொத்த உயிரியல் மருந்தொன்றை 2014இல் இந்திய நிறுவனமான பயோகொன் சந்தைக்குக் கொணர்ந்தமையும், 2015இல் உலக சுகாதார நிறுவனம் இம்மருந்தைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தமையும் அவ்வாதத்தின் தொடர்ச்சியே எனலாம்.

‘டினிப்’ குலத்தினதும் அபெமாசிக்லிப், பெர்டுசுமாப் ஆகியவற்றினதும் முதன்மைத் தொல்லை வயிற்றோட்டம். நூல்கள் இதற்குக் கூறும் பரிகாரம் எளியது: நிறைய நீர் அருந்துக, அருகிலேயே மலசலகூடம் இருக்குமாறு பார்த்துக்கொள்க. இவ்விரண்டாவது வாக்கியத்தை எழுதியவர் கொழுந்து மலையைக் கண்டிருக்க மாட்டார். காலையில் நிரை பிடித்தால் லயத்துக்குத் திரும்பும்வரை மறைவிடம் தேயிலைச் செடிதான். தெல்தோட்டையிலிருந்து கலஹா, பேராதனை வழியே கண்டிக்கு வரும் பஸ்ஸிலும் இதே நிலை. எனவே பெண்கள் செய்வது யாது? நீர் அருந்துவதைக் குறைக்கின்றனர். அல்லது ஒருவருக்குஞ் சொல்லாமல் மாத்திரையைத் தவிர்க்கின்றனர். முதலாவதால் உடல் வரள்கின்றது. இரண்டாவதால் சிகிச்சை குலைகின்றது. உண்மையிற் செய்யத்தக்கது வேறு. வழமையிலும் பார்க்க நாளொன்றுக்கு நான்கு தடவை கூடுதலாகப் போக நேர்ந்தாலே வைத்தியசாலைக்கு அறிவித்தல் வேண்டும். மருந்தோடு லொப்பெரமைட் மாத்திரையையும் முற்கூட்டியே கேட்டுப் பெற்றுவைத்தல் வேண்டும். ஜீவனி கரைசல், உப்பிட்ட சோற்றுக்கஞ்சி, இளநீர் ஆகியன நீரிழப்பை ஈடுசெய்யும். பாலும் எண்ணெய்ப் பண்டமும் அந்நாட்களில் ஆகா. மாத்திரையின் அளவைக் குறைத்துக்கொடுக்கவும் மருத்துவரால் முடியும். மலையிலே ஒரு மலசலகூடம் அமைப்பதும் புற்றுநோய்ச் சிகிச்சையின் ஒரு கூறே என நாம் கூறின் அது மிகைக்கூற்றாகாது.

ஏனையவற்றைச் சுருக்கமாகவே கூறலாம். ‘சிக்லிப்’ மருந்துகள் வெள்ளணுக்களைக் குறைக்கும். 38 பாகை செல்சியசோ அதற்கு மேலோ காய்ச்சல் கண்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போதல் வேண்டும். இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் எமது வழக்கம் காய்ச்சலை மறைக்கும், தொற்றை மறைக்காது. எம்டான்சின் இணைக்கப்பட்ட ட்ராஸ்டுசுமாப் குருதிச் சிறுதட்டுகளைக் குறைப்பதோடு விரல்களையும் மரக்கச் செய்யலாம். கொழுந்து கிள்ளும் விரலுக்கு இது சிறு இடரன்று. டெரக்ஸ்டிகான் இணைக்கப்பட்ட மருந்து சிலருக்கு நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும். மலைநாட்டுப் பனியில் வறட்டிருமல் எவருக்கும் வருவதுதான். மல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிப்பது எமது மரபுந்தான். ஆயின் இம்மருந்தைப் பெறுவோர் புதிய இருமலை மல்லித்தண்ணீரோடு விட்டுவிடலாகாது. மகப்பேற்று வயதினர் சிகிச்சைக் காலத்திலும், ட்ராஸ்டுசுமாப் முடிந்து ஏழு மாதங்கள் வரையும் கருத்தரிப்பைத் தவிர்த்தல் அவசியம்.

அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம், நாள் இலவசமன்று. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1350 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. ஊசிக்கொரு நாள், குருதிச் சோதனைக்கொரு நாள், எக்கோவுக்கொரு நாள் எனப் பேர் விழாத நாட்கள் பெருகுகின்றன. பக்கவிளைவைச் சொன்னால் மேலும் ஒரு சோதனை, மேலும் ஒரு நாள். பெரியம்மாவின் கணக்குப் பிழைக்காத பகுதி இதுவே.

ஓராண்டு என்ற கால அளவே கேள்விக்குட்பட்டதுண்டு. பிரித்தானியாவில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு நடாத்தப்பட்டு 2019இல் வெளியான பெர்செபனி ஆய்வில், ஆறு மாதச் சிகிச்சை பன்னிரண்டு மாதச் சிகிச்சைக்குக் குறைந்ததன்று எனக் காணப்பட்டது. இதயப் பாதிப்பால் இடைநிறுத்தியோர் ஆறு மாதக் குழுவில் 3 வீதம், ஓராண்டுக் குழுவில் 8 வீதம். பிரெஞ்சு ஆய்வொன்று இம்முடிவை எட்டவில்லை; ஆதலின் ஓராண்டே பொதுவிதியாக நீடித்தது. எவரும் தாமாகவே பாதியில் நிறுத்துதற்கு இது நியாயமாகாது. ஆயினும் பிரித்தானிய ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பொதுநிதி என்பதைக் கவனித்தல் தகும். தனது சரக்கின் விற்பனையைப் பாதியாக்கக்கூடிய வினாவை எந்த நிறுவனம் எழுப்பும்?

2022 மார்ச்சில், அந்நியச் செலாவணி நெருக்கடியால் மருந்தின்றிப் பேராதனைப் போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை இடைநிறுத்த நேர்ந்தது. மருந்துத் தட்டுப்பாட்டிலோ பஸ் தவறியோ ட்ராஸ்டுசுமாப் ஒரு வாரத்துக்கு மேற் பிந்துமாயின் முதலாம் ஊசிக்குரிய கூடிய அளவை மீண்டும் கொடுக்க நேரும். ஆகையால் தவறிய திகதியையும் மறைக்காது கூறல் வேண்டும்.

பெரியம்மாவின் எக்கோ 61இலிருந்து 47க்கு இறங்கியிருந்தது. ஊசி எட்டு வாரம் நின்றது. இரு மாத்திரைகள் கொடுத்தனர். 56 ஆனதும் மீளத் தொடங்கினர். கிளினிக் கொப்பியில் யாவும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டிருந்தன. அதன் பின்னட்டையில் அவரது பேத்தி தமிழில் கோடு போட்டு, திகதியும் படியில் நின்ற தடவைகளும் குறித்துவந்தாள். முதற்பக்கத்து ஆங்கிலத்தைப் புரட்டிய இளம் வைத்தியர் பின்னட்டைக்கு வந்ததும் இந்த எண்கள் எவை எனக் கேட்டார். தாதியொருவர் அவருக்குச் சிங்களத்தில் விளக்கினார். அடுத்த முறை அவர் கொப்பியைப் பின்னாலிருந்தே திறந்தார்.