கணிப்பொறிக்குள் பறக்கும் ராக்கெட்

கிழக்கேகோட்டையில் வசிக்கும் நம் அன்பர்களுக்குத் தும்பா புதிதல்ல. 1963 நவம்பர் 21-ல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது அங்கேதான். இன்று அங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், ராக்கெட்டின் எடை, வேகம், காற்றின் தாக்கம் யாவற்றையும் எண்களாக்கி, முதலில் கணிப்பொறியில் பறக்கவிட்டுப் பார்க்கிறார்கள். இதற்கான கணக்குத் தொகுதியே 'மாதிரி'.

மாதிரியை உருவாக்குவதைவிட ஒழுங்காகப் பராமரிப்பதே கடினம் என்பது என் கருத்து. எந்த எண் எந்த ராக்கெட்டுக்கு உரியது, யார், எப்போது, ஏன் மாற்றினார் என்ற குறிப்பு வேண்டும். சாலைக் கடைத்தெரு வியாபாரி தேதியில்லாமல் பேரேட்டில் வரவு வைப்பாரா?

1996 ஜூன் 4-ல் ஐரோப்பாவின் ஏரியன்-5 கிளம்பிச் சுமார் 40 விநாடியில் சிதறியது. ஏரியன்-4 ராக்கெட்டின் வழிகாட்டிக் கருவியையும் அதன் புரோகிராமையும் அதில் பயன்படுத்தியிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகம் கூடுதல்; அந்த எண் புரோகிராமில் ஒதுக்கிய இடத்துக்குள் அடங்கவில்லை. புதிய பாதையின் எண்களைக் கொடுத்து அக்கருவியை முன்பே சோதிக்கவும் இல்லை.

கணிப்பொறித் துறையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: எண்ணை மாற்றினால் தேதியும் காரணமும் எழுதுங்கள். பழையதை எடுத்தாண்டால், புதிய எண்களோடு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.