"அழாதேம்மா" என்று சொன்ன பாட்டு; கேட்டவர்கள் எல்லாம் அழுதார்கள்!

ஜெயில் சுவரில் 18 வயது பெண் எழுதிய வரிகள்

10 லட்சத்துக்கு மேல் விற்ற "சோக சிம்பொனி"யின் கதை

கார் ஓடிக்கொண்டு இருக்கிறது. ரேடியோ பாடிக்கொண்டு இருக்கிறது. திடீர் என்று ஒரு பெண் குரல். என்ன பாஷை என்று தெரியவில்லை. என்ன சொல்கிறாள் என்றும் புரியவில்லை. ஆனால் கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. ரோடு மங்குகிறது. ஓட்டி வந்தவர் காரை ஓரம் கட்டுகிறார். பாட்டு முடியும்வரை அப்படியே உட்கார்ந்து இருக்கிறார்.

இது சினிமா காட்சி அல்ல. 1992, 1993-ம் ஆண்டுகளில் மேல்நாட்டுப் பத்திரிகைகளில் இப்படிப்பட்ட செய்திகள் அடிபட்டன.

அத்தனை பேரையும் அழ வைத்தது ஒரு சிம்பொனி. அதிலும் குறிப்பாக, அதன் 2-வது பகுதி. மொத்தம் சுமார் 9 நிமிஷம்தான்!

அதன் விவரம் வருமாறு:-

புது ரேடியோ

1992 செப்டம்பர் 7-ந் தேதி, லண்டனில் "கிளாசிக் எப்.எம்." என்ற ரேடியோ நிலையம் தொடங்கியது. இங்கிலாந்து முழுவதும் கேட்ட முதல் தனியார் ரேடியோ அது. மேல்நாட்டு சாஸ்திரிய சங்கீதத்தை சாதாரண ஜனங்களிடம் கொண்டுபோவது அதன் நோக்கம்.

ஒரு சிம்பொனி என்றால் லேசுப்பட்டது அல்ல. முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஓடும். அத்தனையும் போட்டால் விளம்பரம் எப்போது போடுவது? அதனால் ஒரு பகுதியை மட்டும் எடுத்துப் போடுவார்கள்.

அப்படி அவர்கள் கைக்கு வந்ததுதான், போலந்து நாட்டு இசை மேதை ஹென்ரிக் குரெட்ஸ்கி எழுதிய 3-வது சிம்பொனி. அதற்கு அவர் வைத்த பெயர், "சோகப் பாடல்களின் சிம்பொனி".

வழக்கமாக சிம்பொனியில் வேகமான பகுதிகளும் இருக்கும். நடுவில் ஒன்று மெதுவாக வரும். இதில் 3 பகுதி. மூன்றுமே மெதுவானது! முதல் பகுதி மட்டும் சுமார் 26 நிமிஷம். 2-வது பகுதிதான் சின்னது. ரேடியோவுக்கு தோதாக அமைந்துவிட்டது.

போட்டார்கள். மறுபடியும் போட்டார்கள்.

"அது என்ன பாட்டு?"

"இப்போ போட்டீங்களே, அது என்ன பாட்டு? பாடினது யாரு? கடையில கிடைக்குமா?"

நேயர்கள் டெலிபோனில் கேட்ட கேள்வி இதுதான். கேட்டவர்களில் பலர் அதற்கு முன்பு ஒரு சிம்பொனி இசைத்தட்டுகூட வாங்கியது இல்லை.

அந்த இசைத்தட்டு அமெரிக்காவின் "நான்சச்" கம்பெனி வெளியிட்டது. 1991-ல் லண்டனில் பதிவு செய்து, 1992-ல் விற்பனைக்கு வந்தது. வாசித்தது, "லண்டன் சின்போனியெட்டா" குழு. நடத்தியவர், டேவிட் ஜின்மன். பாடியவர், டான் அப்ஷா என்ற அமெரிக்கப் பாடகி.

உயிரோடு இருக்கும் ஒரு இசை அமைப்பாளரின் புது சிம்பொனி, சில ஆயிரம் விற்றாலே பெரிய விஷயம். இது 1993-ம் ஆண்டு தொடக்கத்தில் இங்கிலாந்தின் பொதுவான விற்பனைப் பட்டியலில் 6-வது இடத்துக்கு வந்தது. பாப் பாடகர்களோடு போட்டி போட்டு வாங்கிய இடம் அது! அமெரிக்காவில் சாஸ்திரிய இசைப் பட்டியலில் பல மாதங்கள் முதல் இடத்தைவிட்டு நகரவில்லை. விற்பனை 10 லட்சத்தை தாண்டியது.

15 வருஷம் தூங்கியது

வேடிக்கை என்ன தெரியுமா? அந்த சிம்பொனி ஒன்றும் புதுசு அல்ல. குரெட்ஸ்கி அதை எழுதியது 1976-ல். முதலில் அரங்கேறியது 1977 ஏப்ரல் 4-ந் தேதி, பிரான்சில் ருவாயான் என்ற ஊரில் நடந்த நவீன இசை விழாவில்.

அன்றைக்கு யாரும் அழவில்லை. முகம் சுளித்தார்கள்!

இளம் வயதில் குரெட்ஸ்கி, காதைப் பிளக்கும் புதுமை இசை எழுதி பேர் வாங்கியவர். அப்படிப்பட்ட ஆள், சர்ச் பாட்டும் நாட்டுப்பாட்டும் கலந்து மெதுவாக ஒரு சிம்பொனி எழுதலாமா? "இவர் கட்சி மாறிவிட்டார்" என்கிற மாதிரி விமர்சகர்கள் தாக்கினார்கள். கடைசியில் ஒரே சுரக்கட்டு திரும்பத் திரும்ப வந்தபோது, பக்கத்தில் இருந்த ஒரு பெரிய இசைப் பிரமுகர் கெட்ட வார்த்தை சொன்னதாக குரெட்ஸ்கியே பிற்காலத்தில் கூறினார்.

அதன் பிறகும் இரண்டு மூன்று முறை இசைத்தட்டாக வந்தது. பிரெஞ்சு சினிமா படம் ஒன்றிலும் சேர்த்தார்கள். ஊர் கவனிக்கவில்லை. 15 வருஷம் கழித்து, பண்டிதர்கள் தள்ளியதை பாமர ஜனங்கள் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

ஜெயில் சுவர்

சரி, அந்த 2-வது பகுதியில் அப்படி என்னதான் இருக்கிறது?

அதற்கு 1944-ம் ஆண்டுக்குப் போகவேண்டும். இரண்டாவது உலகப்போர் நடக்கிறது. போலந்து, ஹிட்லரின் பிடியில். அந்த நாட்டின் தெற்கு எல்லையில் தாத்ரா மலை. மலை அடிவாரத்தில் சகோபனே என்ற ஊர். அங்கே "பேலஸ்" என்று ஒரு கட்டிடம். பெயர்தான் அரண்மனை. உள்ளே ஹிட்லரின் ரகசிய போலீசான "கெஸ்டபோ" நடத்திய சிறை!

அதில் 3-வது அறை. சுவரில் ஒரு பெண் சில வரிகள் எழுதி வைத்தாள். கீழே கையெழுத்தும் போட்டாள். ஹெலினா வாண்டா பிளாசுசியாகுவ்னா. வயது 18. 1944 செப்டம்பர் 25-ந் தேதியில் இருந்து காவலில் இருப்பதாகவும் குறித்து இருந்தாள்.

எழுதியது என்ன? "என்னைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதவில்லை. "இவர்கள் நாசமாய்ப் போக" என்று சாபம் விடவில்லை. அம்மாவைப் பார்த்து அழவேண்டாம் என்று தேற்றுகிறாள். மாதாவிடம் ஒரு சின்ன பிரார்த்தனை. அவ்வளவுதான்.

குரெட்ஸ்கியை ஆட்டி வைத்தது இதுதான். அந்த மாதிரி சிறைச் சுவர்களில் மற்றவர்கள் எழுதியதை எல்லாம் அவர் யோசித்துப் பார்த்தார். "நான் நிரபராதி", "கொலைகாரர்கள்", "என்னை விடுவியுங்கள்" என்று பெரியவர்கள் கத்துகிறார்கள். இந்தப் பெண் மட்டும் கத்தவில்லை, பழிவாங்கச் சொல்லவில்லை. தன்னை மறந்து, பெற்றவளை நினைக்கிறாள். இது சாதாரண விஷயம் அல்ல என்று அவருக்குத் தோன்றியது.

9 நிமிஷத்தில்...

இசைத்தட்டை கேட்டுப் பார்த்தால், அந்த 9 நிமிஷம் இப்படிப் போகிறது.

தொடக்கம் இருட்டு அல்ல, வெளிச்சம்! தம்புரா மாதிரி ஒரு சுருதி நிற்கிறது. அதன்மேல் மூன்றே சுரங்கள் கொண்ட ஒரு சின்ன மெட்டு, மலைக்காற்று மாதிரி வருகிறது. தாத்ரா மலை ஜனங்களின் பாட்டு வாடை அதில் உண்டு.

சட்டென்று தரை கீழே இறங்கிவிடுகிறது. அடித்தொண்டையில் கனமான சோக சுரக்கட்டு. ஜன்னலை மூடியதுபோல் ஒரு இருட்டு. அங்கேதான் பெண் குரல் தொடங்குகிறது. மெல்ல, மெல்ல, ஒவ்வொரு படியாக ஏறுகிறது. வயலின்கள் கூடவே ஏறுகின்றன. உச்சிக்குப் போய் குரல் திறக்கும்போதுதான், கேட்கிறவர்களுக்கு தொண்டை அடைக்கிறது.

இந்த சிம்பொனியில் டிரம் கிடையாது. டிரம்பெட் கிடையாது. மிரட்டல் எதுவும் இல்லை. கடைசியில் குரல் ஒரே சுரத்தில் நின்று, பிரார்த்தனையை முணுமுணுக்கிறது. அதன் பிறகு தந்தி வாத்தியங்கள் ஒரே சுரக்கட்டை ஒரு நிமிஷத்துக்கு மேல், சத்தம் குறையாமல் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

அந்த ஒரு நிமிஷம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. பாடகி போய்விட்டாள். நீங்களும் உங்கள் துக்கமும் மட்டும் மிச்சம்.

சண்டை

ஜனங்கள் அழுதது விமர்சகர்களுக்கு பொறுக்கவில்லை.

"வாங்கினவர்கள் எல்லாம் நிஜமாகவே கேட்கிறார்களா? புரியாத பாஷையில் 54 நிமிஷம் ஆமை வேகத்தில் போகிற இசையை எத்தனை பேர் தாங்குவார்கள்? சாப்பாட்டு மேஜையில் பின்னணிக்கு ஓடவிடுகிறார்களோ?" என்கிற தோரணையில் கேட்டார், மைக்கேல் ஸ்டைன்பர்க் என்ற பிரபல அமெரிக்க விமர்சகர். மற்றும் சிலர், "ரேடியோ 9 நிமிஷத்தை வெட்டி விற்றுவிட்டது, இது வியாபாரம்" என்றார்கள்.

அதில் கொஞ்சம் உண்மை உண்டு. 9 நிமிஷம் கேட்டு மயங்கி வாங்கிய சிலர், முதல் பகுதியின் 26 நிமிஷத்தை தாண்டி இருக்கமாட்டார்கள். ஆனால் விளம்பரத்தைப் பார்த்து சோப்பு வாங்கலாம், அழ முடியுமா?

தப்புக் கணக்கு

இன்னொரு குழப்பமும் நடந்தது. கெஸ்டபோ சிறை என்றதும், யூதர்கள் கொல்லப்பட்ட கொடுமைக்காக எழுதிய இரங்கல் பாட்டு என்றே பலர் நினைத்துவிட்டார்கள். 1993-ல் டோனி பாமர் எடுத்த டி.வி. படத்திலும் வதை முகாம் காட்சிகளை சேர்த்தார்கள். அந்தப் பெண் செத்தே போய்விட்டாள் என்று நினைத்து அழுதவர்களும் உண்டு.

குரெட்ஸ்கி இதை ஏற்கவில்லை. அவருக்கு அந்த வலி தெரியாமல் இல்லை. அவருடைய குடும்பத்தார் பலர் நாஜி முகாம்களில் மாண்டவர்கள். பாட்டனார் டாக்காவ் முகாமில் இருந்தார். அத்தை ஆஷ்விட்சில் இருந்தார். ஆனாலும், "இது போரைப்பற்றிய சிம்பொனி அல்ல; சோகப் பாடல்களின் சிம்பொனி, அவ்வளவுதான்" என்று அவர் கூறிவிட்டார்.

பின்னே எதைப்பற்றியது? மூன்று பகுதியையும் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முதல் பகுதியில், சிலுவையில் சாகும் மகனுக்காக மாதா அழுகிறாள். 15-வது நூற்றாண்டுப் பாட்டு. மூன்றாவதில், சண்டைக்குப் போய் திரும்பாத மகனைத் தேடி ஒரு தாய் அலைகிறாள். சைலீசியா பகுதி நாட்டுப்பாட்டு. நடுவில், சிறையில் இருக்கும் மகள் தாயைத் தேற்றுகிறாள்.

மூன்றும் தாயும் பிள்ளையும்தான்!

குரெட்ஸ்கிக்கு 2 வயது ஆகும்போதே அவருடைய தாயார் இறந்துவிட்டார்.

அந்த ஒரு சொல்

இசைத்தட்டு ஏன் இப்படி விற்றது என்று கேட்டவர்களுக்கு, "ஜனங்களுக்கு ஏதோ ஒன்று குறைவாக இருந்திருக்கிறது. அது இதில் கிடைத்திருக்கிறது" என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். அதற்கு மேல் விளக்கவில்லை. வந்த புகழை வைத்து, அதே மாதிரி இன்னொன்று எழுதி காசு பார்க்கவும் இல்லை. 2010 நவம்பர் 12-ந் தேதி, தனது 76-வது வயதில் கட்டோவிட்சே நகரில் காலமானார்.

2014-ல் வார்சா நகரில், இங்கிலாந்து பாடகி பெத் கிப்பன்ஸ் இதே சிம்பொனியை பாடினார். அவருக்கு போலந்து பாஷை தெரியாது. காதால் கேட்டே பாடம் பண்ணினார். அதுவும் 2019-ல் இசைத்தட்டாக வந்தது. பாடுகிறவருக்கும் பாஷை தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது!

ஆனால் ஒன்றுமே புரியவில்லை என்று சொல்வது சரி அல்ல. அந்த இருட்டில் பெண் குரல் எடுத்த எடுப்பில் பாடும் முதல் சொல், "மாமோ". அம்மாவை கூப்பிடும் சொல். அதற்கு எந்த ஊரில் அகராதி வேண்டும்?

சரி, சுவரில் எழுதிய அந்தப் பெண் என்ன ஆனாள்? சாகவில்லை! போர் முடிந்தபோது ஹெலினா உயிரோடு இருந்தாள். அழவேண்டாம் என்று அம்மாவுக்கு அவள் சொன்னது பொய் ஆகவில்லை.

தெரியாமல் அழுதவர்கள்தான் லட்சக்கணக்கான பேர்.