நெற்றியில் எழுதிய தீர்ப்பு

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற குடவோலைச் சாசனங்களைப் புகழாதார் இலர். ஆயினும் ஊர் வாரியங்களில் அமரத் தகாதவர் இன்னாரென அடுக்கிச் சொல்லும் பகுதியில், கழுதை மேல் ஏறியவரும் கள்ளவோலை செய்தவரும் அருகருகே நிற்பதை ஊன்றிக் கவனிப்பார் சிலரே. கழுதையேற்றம் அக்காலத்து அவமானத் தண்டனை. அதற்கு ஆளானவன் பதவிக்குரிய தகுதியை இழந்தானேயன்றி, அவன் மேனியில் யாதொரு வடுவும் பதியவில்லை.

வடு பதிக்கும் வழக்கமும் நம் நாட்டுக்குப் புதிதன்று. கள்ளுண்டவன் நெற்றியில் கள்ளுக்கடைச் சின்னமும், பொன் திருடியவன் நெற்றியில் நாயின் அடியும் சூடிட வேண்டுமென விதித்த மனுஸ்மிருதியே, முறைப்படி பிராயச்சித்தம் செய்துகொண்டவனுக்கு அக்குறி வேண்டா, அபராதமே போதுமென்று விலக்கும் அளித்தது. மாமல்லபுரத்துத் தலசயனப் பெருமாளை வணங்கும் வைணவர், ஆசாரியனிடம் விரும்பித் தோளில் ஏற்கும் சங்கு சக்கர முத்திரையும் தீயிற் காய்ச்சிய உலோகத்தால் இடப்படுவதே. ஏற்பவனின் சம்மதம் ஒன்றே அதனைத் தண்டனையினின்று பிரித்துத் தீட்சையாக்குகிறது.

சம்மதத்தையும் பிராயச்சித்தத்தையும் ஒருங்கே புறக்கணித்தது கிழக்கிந்தியக் கும்பினி அரசாங்கம். 1763-ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கற்பட்டுச் சீமையை ஜாகீராகப் பெற்ற அக்கும்பினி, 1797-இல் வங்காளத்தில் பொய்ச்சாட்சி சொன்னோர்க்கு ‘கோத்னா’ என்னும் தண்டனையை விதித்தது. அது பின்னர் ஆயுட்கைதிகளுக்கும் விரிந்து, சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்புக்குப் பதிலாக ஊசியும் மையும் கொண்டு, பெண்கள் அழகுக்காகக் குத்திக்கொள்ளும் பச்சையைப் போலவே, குற்றத்தின் பெயர் நெற்றியில் எழுதப்பட்டது. தப்பியோடுபவனை எங்கும் அடையாளங் காணலாமென்பதே அதிகாரிகளின் கணக்கு. கைதிகளோ தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டி அக்கணக்கைப் பொய்ப்பித்தார்கள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய கடல் கடந்த ஊர்களுக்கும் இந்நெற்றிகள் சென்றன. 1856 முதல் 1861 வரை சிங்கப்பூரில் புனித அந்திரேயா தேவாலயத்தை எழுப்பியவர்கள் இந்தியக் கைதிகளே.

குற்றவாளிகளுக்குச் சூடிட்டுவந்த பிரான்சு 1832-இல் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. இந்தியாவில் 1849-ஆம் ஆண்டின் இரண்டாம் சட்டம், நெற்றி எழுத்தை மட்டுமன்றி, குற்றவாளியைக் கழுதை மேலேற்றி ஊர்வலம் விடும் வழக்கத்தையும் சேர்த்தே ஒழித்தது. உத்தரமேரூர்ச் சாசனத்தில் நாம் கண்ட கழுதையேற்றமும் கும்பினியின் பச்சையெழுத்தும் இவ்வாறு ஒரே சட்டத்தால் நீங்கின. எனினும் அவ்விரண்டும் தம்முள் நிகரல்ல: ஊர்வலம் மாலைக்குள் முடிந்துவிடும், நெற்றியெழுத்தோ, விதித்த காலம் கழிந்து, மனந்திருந்தி, நேர்மையாய் உழைத்துண்ண முற்படுபவனையும் வாயில்தோறும் முந்திச் சென்று காட்டிக்கொடுக்கும். காலவரம்பு குறித்த தண்டனையோடு வரம்பற்ற இன்னொரு தண்டனையைப் பிணைப்பது நியாயசாஸ்திரத்துக்கே முரணானது.

1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பணிமனை அமைந்த பின், அடையாளம் காண்பதற்கென மேனியைப் புண்படுத்த வேண்டிய தேவையும் அற்றது. இருந்தும் 1993-இல் அமிர்தசரஸில், ஜேப்படி செய்ததாகப் பிடிபட்ட நான்கு பெண்களின் நெற்றியில் அக்குற்றத்தைக் காவலர்களே பச்சை குத்தினார்கள். நீதிமன்றம் அக்காவலர்களைத் தண்டிக்க 2016 வரை சென்றது. சட்டம் கைவிட்ட ஊசியைக் காவலர் கை மறவாதிருக்குமாயின், அக்கையைத் தடுக்கும் நீதி இருபது ஆண்டுகளுக்கு மேல் தாமதிக்கலாகாது.