ஊர் வளர்த்த திண்ணைப் பள்ளிக்கூடம்

கிழக்கு வெளுக்கும் முன்பே எழுந்து, சுவடித் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, முந்தின நாள் பாடத்தை வழியெல்லாம் முணுமுணுத்தபடி எல்லாருக்கும் முன்னதாக ஓடிவந்து சேரும் பிள்ளைக்கு அன்று பிரம்படி கிடையாது என்பது தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் வழங்கிவந்த விதி. அப்படி முதலில் வருபவனை 'வேத்தான்' என்பார்கள். அவனுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு வந்த வரிசைப்படி அடியும் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் வருகிற பிள்ளை, வீட்டில் மாடு கன்று ஈன்றது என்று உண்மையான காரணத்தையே சொன்னாலும், தப்பிக்க வழியில்லை.

இந்தப் பள்ளிக்கூடத்துக்கென்று தனிக் கட்டடம் எதுவும் இல்லை. ஊரில் வசதியுள்ள ஒருவர் வீட்டுத் திண்ணையோ, கோயில் மண்டபமோ, இவை இரண்டும் வாய்க்காத சிற்றூரில் ஒரு மரத்தடியோ போதுமானதாக இருந்தது. உபாத்தியாயருக்கு அறுவடைக் காலத்தில் களத்து நெல்லும், அவ்வப்போது காய்கறியும், நல்ல நாட்களில் வேஷ்டியும், நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டம் அடித்து வீடுவீடாகப் பாடிச் சேர்த்த காசும் சம்பளமாகக் கிடைத்தன. அமாவாசையும் பௌர்ணமியும் வாவு நாட்கள். அன்று பாடம் இல்லை. எந்த அரசாங்கத்தின் உத்தரவும் இல்லாமல், எந்தக் கஜானாவின் பணமும் இல்லாமல், குடியானவர்களின் நெல்லைக்கொண்டே இது தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது என்பதை நினைக்கும்போது நம் முன்னோர்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டாகிறது.

விஜயதசமியன்று வித்தியாரம்பம் ஆன பிள்ளை, 'அரி நமோத்து சிந்தம்' என்ற தொடரைச் சொல்லி, தரையில் பரப்பிய மணலில் ஆள்காட்டி விரலால் 'அ' எழுதத் தொடங்குவான். உபாத்தியாயர் பின்னால் குனிந்து விரலைப் பிடித்து இழுத்துக் காட்டுவார், விரல்நுனி சிவக்கும், எழுத்து பிசகினால் உள்ளங்கையால் மணலைத் தடவிச் சமன்செய்து மறுபடி எழுத வேண்டும். கை படிந்த பிறகே ஓலையும் எழுத்தாணியும் கிடைக்கும். கீறிய ஓலையில் எழுத்துத் தெளிவாகத் தெரியும்பொருட்டு மையோ மஞ்சளோ தடவுவார்கள். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு என்று நெட்டுருப் போடுவதுதான் படிப்பின் பெரும்பகுதி.

ஆயினும் இப்பள்ளியின் உயிர்நிலை எண்சுவடி. கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, ஒன்றை முந்நூற்றிருபதாகப் பகுத்த முந்திரிவரை பிள்ளைகள் கூட்டமாக உரத்துச் சொல்லுவார்கள். நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. இருபது மா ஒன்று. இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. தஞ்சை ஜில்லாவின் வயல்களில் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஆகவே, 'மா' என்றால் இருபதில் ஒரு பங்கு என்று வாய்ப்பாடாகக் கற்ற சிறுவன், தன் தகப்பனார் உழும் நிலத்தின் அளவையே கற்றுக்கொண்டிருந்தான். நெல்லிலக்கம் என்ற சுவடி, எட்டு நாழி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்ற கிரமத்தில் களத்துமேட்டுக்கே அவனை அழைத்துச் சென்றது. பாடத்துக்கும் பிழைப்புக்கும் இடையே அத்தனை நெருக்கம் பிற்காலக் கல்வியில் அமையவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஓர் உபாத்தியாயர் பல தரத்துப் பிள்ளைகளை ஒரே திண்ணையில் வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தார்? மூத்த மாணாக்கன் ஒருவனைச் சட்டாம்பிள்ளையாக நியமித்து, இளையவர்களுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பை அவனிடம் விட்டார். 1789-இல் சென்னையில் அநாதைச் சிறுவர்களுக்கான பள்ளியொன்றின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். பிள்ளைகளைக்கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்து, 1797-இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். அது அங்கே 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றுப் பரவியது.

சென்னை ராஜதானியின் கவர்னர் தாமஸ் மன்றோ, 1822-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஜில்லாதோறும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்கும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். 1826-இல் அவர் தொகுத்து எழுதிய குறிப்பின்படி, சுமார் 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த ராஜதானியில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கர்களும் இருந்தனர். ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. தமிழ் ஜில்லாக்களில் படித்தவர்களுள் பெரும்பான்மையோர் அந்தணர் அல்லாத குடிகளின் பிள்ளைகள் என்ற செய்தியும் அக்கணக்கில் தெரிகிறது.

இந்த எண்களைக் காட்டிப் பெருமை பேசுகிறவர்கள், அதே கணக்கின் மற்றொரு வரியையும் படிக்க வேண்டும். 1,88,650 பேரில் பெண்பிள்ளைகள் 4,540 பேர்தாம். ஊரின் நெல்லால் நடந்த பள்ளி ஊருக்கே சொந்தம் என்பது மெய்; ஆனால் அந்த ஊர் என்ற சொல்லுக்குள் சேரி அடங்கியிருக்கவில்லை. களத்தில் அந்த நெல்லை அறுத்து, கட்டாகக் கட்டிச் சுமந்து, அடித்துத் தூற்றியவர்களுடைய பிள்ளைகள் திண்ணையில் ஏற முடியவில்லை. திண்ணை என்பது வீட்டைச் சேர்ந்தது. வீட்டின் தீட்டு விதிகள் பள்ளிக்கும் விதிகளாயின. நாம் போற்றும் அந்த நெருக்கமே பலருக்குக் கதவடைத்த தாழ்ப்பாளாகவும் இருந்தது என்பதை மறைத்து எழுதுவது சரித்திரம் ஆகாது.

அந்தத் தாழைத் திறந்தவர்கள் பலர். மிஷனரிமார் பலவிடங்களில் பள்ளி வைத்தார்கள். 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் ஒடுக்கப்பட்டோருக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். 1920-இல் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. காமராஜ் முதலமைச்சராயிருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தில் சிற்றூர்கள்தோறும் ஆரம்பப் பள்ளிகள் எழுந்தன. இதற்கிடையில் அச்சுப் புத்தகமும் கற்பலகையும் ஓலையை விலக்கின. 1957 ஏப்ரல் முதல் தேதியன்று நயா பைசா புழக்கத்துக்கு வந்ததோடு, ரூபாயில் மாகாணி என்றால் ஓரணா என்ற கணக்கும் கடைத்தெருவை விட்டு அகன்றது.

உங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிக்கு ஒரு நாள் சென்று, பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். பழுப்பேறிய அந்தப் பக்கங்களில் முதன்முதலாகச் சேர்ந்த பெண்பிள்ளையின் பெயரும், சேரியிலிருந்து முதன்முதலாக வந்து அமர்ந்த பிள்ளையின் பெயரும் இருக்கக்கூடும். கறையான் அரிப்பதற்கு முன் அவற்றைப் பிரதியெடுத்து வையுங்கள்.