கல்லோடு பேசுவோம் – 17: கன்னியர் வீட்டில் கல்யாண விருந்து

புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின் ஓடிய சத்தம் மதுரைக்காரர்கள் காதில் இன்னும் இருக்கும். செல்லூரிலிருந்து கல்பாலம் தாண்டிப் போய் அங்கேதான் துணி தைக்கக் கொடுப்போம். திருமலை நாயக்கர் கட்டியது என்பதே மறந்துபோகும் அளவுக்கு அது எங்களுக்குக் கடைத்தெரு. அதனால், சிங்கப்பூரில் ஒரு கன்னியர் மடம் உணவகங்களாக மாறிய கதை நமக்கு அந்நியமானதல்ல.

விக்டோரியா தெருவில் இருக்கிறது கால்டுவெல் இல்லம். பெயரைக் கேட்டதும் இடையன்குடி பிஷப் கால்டுவெல் நினைவுக்கு வருவார், இந்தக் கால்டுவெல் வேறு. எச்.சி.கால்டுவெல் என்ற நீதிமன்ற எழுத்தருக்காக 1840-41ல் ஜார்ஜ் கோல்மன் கட்டிய வீடு இது. பிரெஞ்சுப் பாதிரியார் பூரெல் அதை வாங்கி, 1854-ல் பினாங்கிலிருந்து வந்த கன்னியருக்குக் கொடுத்தார். கீழே பார்வையாளர் கூடம். மேலே அரைவட்ட அறையில் கன்னியர் தைத்தார்கள், படித்தார்கள், கடிதம் எழுதினார்கள். வீட்டைச் சுற்றிப் பள்ளிக்கூடமும் அனாதை இல்லமும் வளர்ந்தன. வாசலில் யாரோ விட்டுப்போன பச்சைக் குழந்தைகளை எடுத்து வளர்த்தார்கள். 1904-ல் கோதிக் பாணிச் சிற்றாலயம் எழுந்தது. அதன் தூண்களிலும் நடைக்கூடத்திலும் 648 போதிகைகள். செடி, பூ, பறவை என்று ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. புதுமண்டபத்துச் சிற்பி பார்த்திருந்தால் மெச்சியிருப்பான்.

1983-ல் பள்ளி தோ பாயோவுக்கு இடம்பெயர்ந்தது. 1990-ல் இல்லமும் சிற்றாலயமும் தேசிய நினைவுச் சின்னங்களாயின. பிரான்சின் மரபுக் கட்டடக் கலைஞர் திதியே ரெபெல்லனையும் துணைக்கு வைத்துப் பழுதுபார்த்து, 1996-ல் ‘சைம்ஸ்’ என்ற பெயரில் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தார்கள். சிற்றாலயத்தில் இப்போது கல்யாண விருந்து நடக்கிறது.

ஜெபம் சொன்ன முற்றத்தில் மதுக்கோப்பையா என்று பழைய மாணவிகள் வருந்தினார்கள். நியாயமான வருத்தம். கட்டடம் பிழைத்தது, அங்கிருந்த வாழ்க்கை பிழைக்கவில்லை. ஆனாலும் அங்கே நடந்தது சரியென்றே நான் சொல்வேன். முதலில் சட்டம் சுவருக்குக் காவல் நின்றது; பிறகுதான் கடைக்காரர் உள்ளே வந்தார். நம்மிடம் எல்லாம் தலைகீழ். மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் 2018 பிப்ரவரி 2 இரவு பிடித்த தீ, கடைகளோடு தூண்களையும் கூரைக் கற்களையும் சிதைத்த பிறகுதான் நமக்கு விழிப்பு வந்தது. புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனதும் அதற்கப்புறம்தான்.

1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் இங்கும் பசுமலையிலும் கட்டடங்கள் எழுப்பியது. பழைய பாதிரியார் பங்களா ஒன்று நாளைக்கு ஓட்டலாகவோ ஜவுளிக்கடையாகவோ மாறலாம். மாறட்டும். ஆனால் சாவியைக் கொடுக்கும் முன், எந்தத் தூணைத் தொடக்கூடாது, எந்த ஜன்னலைப் பெயர்க்கக்கூடாது என்று குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், உரியவர்களிடம் அனுமதி கேட்டு இந்த வாரமே உள்ளும் புறமும் படம் எடுத்து வையுங்கள்.

(தொடரும்)