கூட்டம் கூடும் இடத்தில் மருத்துவம்

மைசூரு தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட் பூக்கடையிலிருந்து கே.ஆர். மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம். ஆனாலும் இரத்த அழுத்தம் ஏறிக் கிடப்பவர் போகமாட்டார்; வலியில்லாத நோய்க்கு யார் கடையை மூடுவார்கள்? அதே ஆள் வெள்ளிக்கிழமைத் தொழுகையைத் தவறவிடமாட்டார், அல்லது செவ்வாய்க்கிழமை அம்மன் தரிசனத்தை. இந்த ஊரில் சமய நிறுவனங்கள் மருத்துவத்துக்குச் செய்தது கொஞ்சமல்ல. மண்டி மொஹல்லாவில் மிஷன் ஆஸ்பத்திரி 1906 முதல் இருக்கிறது. சுத்தூர் மடம் 1954இல் தொடங்கிய ஜே.எஸ்.எஸ். மகாவித்யாபீடம் 1984இல் மருத்துவக் கல்லூரியும் திறந்தது. இவையெல்லாம் நோயாளி தேடி வரும் இடங்கள். நோயாகுமுன் ஆளைப் பிடிக்க, அந்த நிறுவனங்களிடம் கட்டடத்தைவிடப் பெரிய சொத்து ஒன்று இருக்கிறது: வாரம் தவறாமல் வரும் கூட்டம்.

நைஜீரியாவின் எனுகு மாநிலத்தில் 40 தேவாலயங்களில் நடந்த ஆய்வு இதற்குச் சான்று. ஞாயிறு வழிபாட்டில் கர்ப்பிணிகளுக்காகப் பிரார்த்தித்தார்கள். பிறகு வளைகாப்பு போன்ற ஒரு விழா வைத்து, இரத்தசோகை, ஹெபடைடிஸ் பி சோதனைகளோடு எச்.ஐ.வி. சோதனையையும் சேர்த்தே செய்தார்கள். விழாவிலேயே சோதனை வைத்த இடங்களில் 92 சதவீதப் பெண்கள் எச்.ஐ.வி. சோதனை செய்துகொண்டார்கள், மருத்துவமனைக்குப் போகச் சொன்னதோடு நிறுத்திக்கொண்ட இடங்களில் 55 சதவீதம்தான். பல சோதனைகளுள் ஒன்றாக வைத்ததால், எதற்காக வந்தாள் என்று யாரும் விரல் நீட்ட வழியில்லை. ஊரார் கண்ணுக்கு அஞ்சுவதே தடை என்பவர்களுக்கு இதுவே பதில்.

மதத்தை மருத்துவத்தில் நுழைத்தால் மூடநம்பிக்கையும் கூடவே வரும் என்பார்கள். வரலாம். உத்தரப்பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்தால் மலட்டுத்தன்மை வரும் என்ற வதந்தி பல வீட்டுக் கதவுகளைச் சாத்த வைத்தது. அவற்றைத் திறக்க அரசு நாடியதும் இமாம்களைத்தான். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ ஒன்றும் வரவில்லை. அந்தப் பெருமை முழுவதும் இமாம்களுக்கல்ல. மேம்பட்ட மருந்துக்கும் வீடு வீடாக நடந்த பெண் ஊழியர்களுக்கும் பெரும்பங்கு உண்டு. அறிவிப்பது மதத்தலைவர், ஊசி பிடிப்பது செவிலியர் என்று வேலை பிரிந்திருந்தால் அச்சம் குறையும். கோயில், தர்கா, தேவாலயம் எல்லாவற்றிலும் சோதனை முடிவை எழுத ஒரே அரசுச் சீட்டு இருந்தால், இது யாருடைய மதத் திட்டம் என்ற கேள்விக்கும் இடமிருக்காது.

வழிபாட்டிடத்தில் வைக்கும் மருத்துவ முகாம் என்பது பேனரும் போட்டோவும்தான் என்ற குறை மட்டும் எனக்கும் உண்டு. கையில் பட்டையைச் சுற்றி, 160/100 என்று சீட்டில் எழுதிக் கொடுத்து, சர்க்கரைப் பொங்கலும் தந்து அனுப்பினால் என்ன பயன்? பிரசாதத்தில் வாரம் ஒருநாளாவது சுண்டலுக்கு மாறலாம். அதைவிட அவசரமானது, அந்த 160/100 எழுதிய சீட்டுக்காரர் கே.ஆர். மருத்துவமனைக்குப் போனாரா, மாத்திரை வாங்கினாரா என்று அடுத்த வாரம் வாசலிலேயே பெயர் சொல்லிக் கேட்க ஓர் ஆள்.