இன்னொரு சங்கர்: பத்துக் கம்பி வயலின்காரரின் கதை

இந்த எபிசோட் பேகம்பூர்ல எங்க வீட்டு மாடி ரூம்ல ரெக்கார்ட் பண்ணது. நடுவுல பாங்கு சத்தம் வந்த இடத்துல நிறுத்திட்டுத் திரும்ப ஆரம்பிச்சேன். எடிட்ல ஒட்டு தெரிஞ்சா மன்னிச்சுக்கோங்க.

2024 பிப்ரவரியில 'ஷக்தி' குழுவுக்கு கிராமி கிடைச்சப்போ நம்ம டைம்லைன் முழுக்க சங்கர் மகாதேவன்தான். நியாயம்தான். ஆனா 1970கள்ல அந்தக் குழுவை ஆரம்பிச்சவங்கள்ல இன்னொரு சங்கர் இருந்தார். வயலின்காரர் எல். சங்கர். சும்மா 'சங்கர்'னு தேடுனா டைரக்டர் வருவார், இல்லன்னா சிதார் ரவி சங்கர் வருவார். இவர் வரவே மாட்டார்.

பெயர்ல இருக்கிற 'எல்' யாருன்னு பார்த்தாலே பாதிக் கதை புரிஞ்சிடும். அப்பா வி. லட்சுமிநாராயணா. யாழ்ப்பாணத்துல இசைக் கல்லூரி ஆசிரியர். கச்சேரியில வயலின்னா பாடுறவர் பக்கத்துல உட்கார்ந்து, அவர் போற வழியிலேயே பின்தொடர்ற வாத்தியம். அதைத் தனி வாத்தியமா மேடை நடுவுக்குக் கொண்டுவரணும், உலகம் முழுக்கக் கேட்க வைக்கணும்ங்கிறது அவரோட பிடிவாதம். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் சென்னைக்கு வந்துடுச்சு. அவர் சொல்லிக்கொடுத்த மூணு பசங்களும் வயலின் கலைஞர்கள். மூத்தவர் எல். வைத்தியநாதன் சினிமாவுக்குப் போனார். 'மால்குடி டேஸ்' இசை ஞாபகம் இருக்கா? அது அவர்தான். அடுத்தவர் எல். சுப்பிரமணியம் டாக்டருக்குப் படிச்சுட்டு வயலினுக்கே திரும்பினார். கடைசிதான் நம்மாள், 1950ல பிறந்தவர்.

செம்பை, செம்மங்குடி மாதிரிப் பெரியவங்களுக்கு வாசிச்சுட்டு 1969ல அமெரிக்கா போனார். வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல இசை ஆராய்ச்சி, 1974ல டாக்டர் பட்டம். அங்கதான் ஜான் மெக்லாக்லின் அறிமுகம். எலக்ட்ரிக் கிதார்ல ஜாஸ்-ராக் உலகத்தைக் கலக்கிட்டிருந்த ஆள். அவங்க ரெண்டு பேரோட ஜாகிர் உசேனும் கடம் விக்கு விநாயக்ராமும் சேர்ந்ததுதான் ஷக்தி.

இங்க ஒரு டெக்னிக்கல் விஷயம். கிதார்ல ஃப்ரெட்னு கம்பிக்குக் குறுக்கே உலோகக் கட்டைகள் இருக்கும். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனிப் படிக்கட்டு. வயலின்ல படிக்கட்டே கிடையாது, சறுக்குமரம்தான். கமகம் சறுக்குமரத்துலதான் சுகமா வரும். அதனால ஷக்தியில மெக்லாக்லின் தன் கிதாரையே மாத்திக்க வேண்டியிருந்தது. ஃப்ரெட்டுகளுக்கு நடுவுல கட்டையைக் குடைஞ்சு, கம்பியை வளைக்க இடம் பண்ணிக்கிட்டார். ராக் ஸ்டார் கர்நாடக வயலினுக்காக ஹார்ட்வேரை மாத்துறார், பாருங்க. லட்சுமிநாராயணா ஆசைப்பட்டது இதுதானே?

1978ல ஷக்தி கலைஞ்சது. அடுத்த வருஷமே 'டச் மீ தேர்' ஆல்பம். தயாரிச்சது ஃப்ராங்க் ஸப்பா. ராக் உலகத்துலேயே கிறுக்கு மேதைன்னு பேரெடுத்தவர். ஆல்பம் எனக்கு முழுசா ஒட்டலை. சில இடத்துல வயலின் பறக்குது, சில இடத்துல ஸப்பாவோட நக்கல் அதை அமுக்கிடுது.

எனக்குப் பிடிச்ச கட்டம் அதுக்கப்புறம்தான். சாதாரண வயலின்ல கீழ் ஸ்தாயி பத்தலை. நாமளா இருந்தா ஒரு ஒர்க்அரவுண்ட் எழுதி டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிருப்போம். இவர் புது வாத்தியமே வடிவமைச்சார்: ரெண்டு கழுத்து, கழுத்துக்கு அஞ்சு கம்பி, மொத்தம் பத்து. எலக்ட்ரிக், ஸ்டீரியோ. வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ் நாலோட எல்லையும் ஒரே ஆள் கையில. ஒரு கழுத்துல வாசிக்கும்போது இன்னொண்ணுல இருக்கிற கம்பிகள் தானா அதிரும்.

இதைப் படிச்சப்போ எங்க அத்தா ஞாபகம் வந்தது. அவர் பூட்டுப் பட்டறை வச்சிருந்தார், திண்டுக்கல் பூட்டு. நான் கோடு எழுதி எட்டு வருஷம் ஆகப்போகுது, இன்னும் தெருவுல நான் 'பூட்டுக்கார பாய் மகன்'தான். பட்டறையை எடுத்து நடத்தலைங்கிற குறுகுறுப்பு எனக்கு உண்டு. அதனாலதான் இவர் அப்பாவை விட்டுட்டுப் போனாரா, தூக்கிட்டுப் போனாரான்னு தோண்டிட்டே இருந்தேன்.

ஏன்னா ரெண்டுக்கும் ஆதாரம் இருக்கு. பீட்டர் கேப்ரியலோட 'பேஷன்' (1989), மெல் கிப்சன் படமான 'த பேஷன் ஆஃப் த கிறைஸ்ட்' (2004), ரெண்டுலயும் இவர் வயலின் இருக்கு. உலகமே கேட்டுச்சு, ஆனா அடுத்தவங்க இசைக்குள்ள. அப்பா வெளிய கொண்டுவரப் பார்த்த பக்கவாத்திய இடத்துக்கே மகன் வேற வாசல் வழியா வந்துட்டாரோன்னு தோணுது. இன்னொரு பக்கம் 'ராக ஆபேரி'. ஜாகிர், விக்குவோட வாசிச்ச சுத்தமான ராக ஆல்பம், கிராமி பரிந்துரை வரைக்கும் போச்சு. 1997ல ஷக்தி 'ரிமெம்பர் ஷக்தி'ன்னு திரும்ப வந்தப்போ இவர் அதுல இல்லை.

கேட்க ஆரம்பிக்கிறவங்க முதல்ல 1975ல மேடையில பதிவு பண்ண 'ஷக்தி' ஆல்பம் கேளுங்க. அடுத்து, 1980ல பதிவான 'ஹூஸ் டு நோ'. பத்துக் கம்பி வயலின், உமையாள்புரம் சிவராமன் மிருதங்கம், ஜாகிர் தபலா. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க. கேட்டு முடிச்சதும் அந்த ஆல்பத்துல பங்கெடுத்தவங்க பட்டியலைப் பாருங்க. அதுல வி. லட்சுமிநாராயணான்னு ஒரு பெயர் இருக்கும்.